டிரெஸ்ஸர் தலைவர் பதவிக்கு நின்ற ஆண்டு

என் கணவர் ஜெயிப்பாரா மாட்டாரா என்று மலாக்கா டவுனில் நம்மவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் பேச்சாக இருந்த நாட்களில், மாட்டார் என்று சொன்னவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான். அந்தக் காரணம் நான். அவர் ஒரு மலாக்காச் செட்டிப் பெண்ணைக் கட்டியிருந்தார்.

காஜா பேராங்கில் என் முன்னோர்கள் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று என் அப்பாவுக்கே தெரியாது. கோயில் உண்டு, பொங்கல் உண்டு, தாலி உண்டு. தமிழ்ப் பேச்சு மட்டும் எப்போதோ எங்களை விட்டுப் போய்விட்டது. வீட்டில் மலாய்தான், நடுவில் பூசைக்கும் சடங்குக்கும் வேண்டிய தமிழ்ச் சொற்கள். கட்டுவது மலாய்க்காரப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும். நான் தமிழ் கற்றதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, அவர் படித்துவிட்டுப் போடும் தினசரியை அடுப்படியில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்ததில்தான். முதலில் விளம்பரங்கள், பிறகு மரண அறிவிப்புகள், கடைசியாகத்தான் தலையங்கம்.

அவர் பிறந்தது ரப்பர் விளையும் கித்தாத் தோட்டத்தில். பாலெடுக்க மரம் வெட்டின குடும்பத்திலிருந்து படித்து வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஆனார். புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, டாக்டர் வராத நாளில் பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் டிரெஸ்ஸர் வேலை. எங்களுக்குக் கல்யாணமான பிறகு டவுனுக்கு வந்து ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்துகொண்டார். காஜா பேராங்கில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தோம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் நாளை எங்கள் ஊர்த் திடலில் பெரிய கூட்டம் போட்டு அறிவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இங்கே இருப்பதா, கப்பலேறிப் போவதா, குடியுரிமை வாங்கினால் இந்தியாவுக்குத் திரும்ப முடியாதா என்று எல்லா வாயிலும் கேள்விகள். அவர் இருந்த கட்சி பழமைக்காரர்களின் கட்சி. கடைக்காரர்கள், கோயில் பிரமுகர்கள், கங்காணி குடும்பத்தார், ஆபீஸில் கணக்கு எழுதும் சில கிராணிமார். மொழி, சமயம், வழக்கம் மூன்றையும் காப்பது அதன் வேலை. தமிழ் பேசத் தெரியாதவர் சேர முடியாது என்று விதியிலேயே இருந்தது. பெண்களும் சேர முடியாது. அதை விதியில் எழுதக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அதுவரை தலைவரை நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்த ஆண்டு, நாட்டிலேயே ஓட்டுப் போடுகிற காலம் வந்துவிட்டதே என்று, கட்சியிலும் ஓட்டு வைத்தார்கள். தலைவராக வருபவரே அடுத்து நகராட்சித் தேர்தலில் கட்சியின் வேட்பாளர். முதலில் புக்கிட் ரம்பாய், பிறகு தெங்கேராவும் கிளேபாங்கும், கடைசியாக டவுனும் காஜா பேராங்கும் என்று வட்டாரம் வட்டாரமாக ஓட்டு. எல்லாவற்றையும் கூட்டி அதிகம் வாங்கியவர் தலைவர்.

மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் டவுன் கோயில் ஒன்றின் நிர்வாகத் தலைவர். பாரமான உடம்பு, தணிந்த குரல். இன்னொருவர் தெங்கேராவில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி. மூன்றாவது என் கணவர். குடியுரிமை வாங்கி இந்த நாட்டில் வேர் விடுவோம், பெண்களைச் சேர்ப்போம், தமிழ் பேசாவிட்டாலும் கோயிலுக்கு வருகிற செட்டிகளைச் சேர்ப்போம் என்று அவர் சொன்னார். சமயத்தையோ மொழியையோ விடச் சொல்லவில்லை. அவரே வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி பூசுகிற ஆள். தொழிற்சங்கத்து இளைஞர்கள் அவரைக் கண்டால், "நீங்க பாதி வழிதான் வர்றீங்க, டிரெஸ்ஸர்" என்பார்கள். கட்சிக்காரர்களோ, "ரொம்ப தூரம் போறீங்க" என்பார்கள். ஒரே நாளில் இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு போகப் போகக் குறைந்தது.

அவருக்காக வேலை செய்தவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். நல்ல மனிதர், அவசரக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குச் சொன்னார்.

"இங்க பாருங்க. ரம்பாய் நம்ம பக்கம். அங்க நீங்க பிரசவம் பார்த்த பிள்ளைங்களோட அப்பனுங்கதான் பாதிப் பேரு. தெங்கேரா கடைக்காரங்க ரெண்டாப் பிரிவாங்க. பாதி முதலாளிக்கு, பாதி கோயில் தலைவருக்கு. டவுன்லயும் அதே கதை. அவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நின்னா நீங்க நடுவுல பூந்து வந்துருவீங்க. ஒருத்தர் விலகிட்டா நம்ம கதை முடிஞ்சுது."

"விலக மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது," என்றார் என் கணவர்.

"சரி. இன்னொண்ணு." ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தமிழ் புரியாது என்றே அவர் நினைத்திருந்தார். "அண்ணியக் கூட்டத்துக்கு அழைச்சுக்கிட்டு வராதீங்க. தப்பா நினைக்காதீங்க. கெபாயாவோட பார்த்தா அங்கேயே நாலு ஓட்டு போயிரும்."

"அவளுக்குக் கேக்குது வாத்தியாரே."

ஆசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "சேலை கட்டிக்கிட்டு வந்தீங்கன்னா பரவால்ல அண்ணி," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் காட்டாமல் கோப்பிக் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ரம்பாய்க் கூட்டத்துக்குச் சேலை கட்டிக்கொண்டே போனேன். போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். கொசுவம் எந்த நேரத்தில் அவிழுமோ என்ற பயத்தில் வலது கையை இடுப்பிலேயே வைத்திருந்தேன். ஆண்கள் கொட்டகைக்குள் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்க, தோட்டத்துப் பெண்கள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். டிரெஸ்ஸர் பெண்சாதி என்று தெரிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வயதான பெண் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த ஊரு தாயி?"

"காஜா பேராங்."

"அது இல்ல தாயி. இந்தியாவுல எந்த ஊரு?"

எனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டிக்கொண்டு, "இந்தியா இல்ல. இங்கதான்," என்றேன்.

அந்தப் பெண் தலையாட்டினாள். அதில் அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. "எம் பேரப்புள்ளைங்களும் இனிமே அப்பிடித்தான் சொல்லப் போவுதுங்க," என்று சொல்லி, மடியிலிருந்த வெற்றிலையில் எனக்கொன்று கொடுத்தாள். எனக்குப் பழக்கமான வெற்றிலை. அதுவரை இருந்த நடுக்கம் அதோடு போயிற்று.

அன்று ஓட்டில் என் கணவர் மற்ற இருவரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆசிரியர் எழுந்து நின்றுகொண்டே வந்தார். உட்கார முடியவில்லை அவருக்கு.

அடுத்த வாரம் பாசாரில் காய் வாங்கப் போனேன். எனக்கு எப்போதும் கத்தரிக்காய் பொறுக்கித் தருகிற தமிழர், அன்று என் முகத்தைப் பார்க்காமல் நிறுத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. நீங்க நம்ம ஆளு இல்லன்னு சொன்னீங்களாம். இந்தியாவே வேணாம்னு சொன்னீங்களாம். ரம்பாய்ல."

"நான் அப்படிச் சொல்லல."

"ஜனங்க சொல்றாங்க," என்றார். பையைக் கையில் கொடுத்தபோது, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைச் சேர்த்துப் போட்டார். அவர் அதை நம்பவில்லை என்பதற்கு அடையாளம் அது. ஆனால் அவருக்கு ஓட்டு இல்லை.

யார் அதைக் கிளப்பிவிட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. கோயில் தலைவரின் ஆட்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஊரின் வாய் தானாகவே கூடச் செய்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சொன்ன மூன்று நாலு சொற்கள் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் வேறு மாதிரியும் திரும்பி வந்தன என்பதுதான். நான் தாலியைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று கூட ஒரு பேச்சு. கழுத்தில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டேன்.

வீட்டில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலுக்குப் போவார். ஒன்றும் இருக்காது, சடக்கில் ஒரு சைக்கிள் போகும். திரும்பி வந்து உட்கார்ந்து, எதைத் தின்றோம் என்று தெரியாமல் தட்டைப் பார்ப்பார். யார் பேசினாலும் அதற்குள் ஓர் ஓட்டு இருக்கிறதா என்று தேடுவார். "சிரிச்சாரு. ஆனா கையப் பிடிக்கல," என்பார் என்னிடம். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று நானும் யோசிக்கத் தொடங்கினேன். நானும் கெட்டுப்போய்விட்டேன். ஓட்டே இல்லாத நான், யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தேன்.

தெங்கேரா ஓட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, துணிக்கடை முதலாளியின் மனைவி எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். வாடகை ரிக்‌ஷாவைச் சந்துமுனையிலேயே நிறுத்திவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து வந்திருந்தார். அதற்கு முன்னால் அவரை நான் கடையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"டிரெஸ்ஸர் இருக்காரா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம வந்தேன். அவருக்குத்தான். கால்ல புண்ணு. யாருக்கும் காட்ட மாட்டேங்குறாரு. நாத்தம் வருது."

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு பையை எடுத்தார். வேற்று ஆணோடு தனியாகத் திரும்புவது நன்றாக இருக்காது என்று அந்த அம்மா தயங்கியதால், நானும் கூடப் போனேன். கடைக்கு மேல்மாடியில் வீடு. முதலாளி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; வேட்டி பாதத்தை மூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் மனைவியை ஒரு முறை முறைத்தார். பிறகு வேறு வழியில்லை என்று காலை நீட்டினார்.

சர்க்கரை வியாதிக்காரர். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. என் கணவர் கட்டைப் பிரித்து, மோந்து பார்த்து, பாதத்தின் மேல்பக்கம் விரலால் அழுத்தினார். அழுத்தியது முதலாளிக்குத் தெரியவே இல்லை.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஓட்டு முடியட்டும்."

"ஓட்டு முடியுறதுக்குள்ள முழங்காலுக்கு ஏறிரும் முதலாளி."

"மருந்து போட்டுக் கட்டிவிடுங்க, டிரெஸ்ஸர். ரெண்டு வாரந்தானே."

"இது நான் கட்டுற கட்டுல நிக்காது. உங்ககிட்டப் பொய் சொல்ல முடியாது."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்கார வியாபாரி. தான் படுத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று அவருக்கும் தெரியும். "நான் படுத்தா உங்களுக்கு ஆகாதே," என்றார்.

"தெரியும். எந்திரிங்க, ரிக்‌ஷா நிக்குது."

அந்த அம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு அப்போது ஒரு தமிழ்ச் சொல்லும் வாயில் வரவில்லை.

சாயங்காலம் ஆசிரியர் வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று பேசினார்.

"அவரே ரெண்டு வாரம் பொறுக்கலாம்னு சொன்னாராமே. நீங்க ஏன் வற்புறுத்தினீங்க?"

"கால் போயிருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? தெரியும். வேற டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கலாம். வேற யாராவது சொல்லியிருக்கலாம். நீங்கதான் சொல்லணுமா?" குரல் உடைந்தது. "நான் கேக்கறது தப்புன்னும் தெரியும். ஆனா நான் கேக்கலன்னா வேற யாரு கேப்பா?"

என் கணவர் மருந்துப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கும் உள்ளுக்குள் ஆசிரியர் கேட்ட அதே கேள்வி இருந்தது. என் கணவர் செய்தது சரி என்று தெரிந்தே அந்தக் கேள்வியும் கூட இருந்தது.

முதலாளிக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. சில நாள் கழித்து நாங்கள் பார்க்கப் போனோம். சர்க்கரை வியாதிக்காரருக்குப் பழம் கொண்டுபோவதா வேண்டாமா என்று வழியெல்லாம் பேசி, வெறுங்கையோடு போய் நின்றோம். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தாலும் குரல் பழைய குரல்தான்.

"உக்காருங்க டிரெஸ்ஸர். வேற யாராவது சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். நான் விலகிக்கிட்டேன். நம்ம பசங்கள எல்லாம் கோயில் தலைவருக்குப் போடச் சொல்லிட்டேன்."

என் கணவர், "சரி," என்றார்.

"கோவமா?"

"இல்ல."

"உங்களப் போல ஆளு இந்த ஊர்ல இல்ல. என் காலு உங்களாலதான் இருக்கு. எங்க வீட்டு விசேஷத்துல முதல் வெத்தல பாக்கு இனிமே உங்களுக்குத்தான். ஆனா தலைவர் வேற."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன், முதலாளி?" என்று கேட்டேன். பெண்கள் நடுவில் பேசுகிற இடமல்ல அது. என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

முதலாளி கோபப்படவில்லை. யோசித்துத்தான் பேசினார்.

"நீ ஒண்ணும் செய்யல தாயி. உங்க ஆளுங்கள எனக்குப் பல வருஷமாத் தெரியும். தங்கமான ஜனம். சாமிய விடல, சடங்க விடல. ஆனா பேச்சு போச்சு. எப்பப் போச்சுன்னு உங்களுக்கே தெரியாது. இல்லையா? உங்களப் பார்த்தா எனக்குக் கோவம் வரல. பயம் வருது. என் பேரனுங்க நாளைக்கு என்கிட்ட மலாய்ல பேசினா நான் என்ன செய்வேன்னு பயம். உன்னச் சேர்த்துக்கிட்டா அது சீக்கிரம் வந்துரும்னு தோணுது. சரியோ தப்போ, அப்படித்தான் தோணுது."

கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் தன் பயத்தைச் சொன்னார். எங்கள் வீட்டில் பேச்சு எப்போது போயிற்று என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெளியே வரும்போது என் கணவர், "கேட்டது நல்லது," என்றார்.

தெங்கேராவும் கிளேபாங்கும் ஆசிரியர் பயந்தபடியே ஆயின. கடைக்காரர்கள் அப்படியே கோயில் தலைவர் பக்கம் போனார்கள். ரம்பாயில் வந்த ஓட்டெல்லாம் அதில் கரைந்து, கோயில் தலைவர் கொஞ்சம் முன்னே போய்விட்டார். இனி டவுனும் காஜா பேராங்கும்தான். அங்கே கிராணிமாரும் ஆசிரியர்களும் நிறைய. இன்னும் வழி இருக்கிறது என்று ஆசிரியர் கணக்குப் போட்டார். ஆனால் அவருடைய கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது.

"கடைசிப் பேச்சுல செட்டிங்க விஷயத்த விட்டுருங்க. வேணாம்னு சொல்லச் சொல்லல. பேசாம விட்டுருங்க. ஜெயிச்ச பிறகு செஞ்சுக்கலாம்."

அப்போது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. "பார்க்கலாம்," என்றார்.

ஓட்டு நாளன்று நான் கெபாயா போட்டுக்கொண்டேன். வீம்புக்காக அல்ல, சேலையோடு இனி எங்கேயும் நிற்க முடியாது என்று தோன்றியது. ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கூட்டம். வேலிக்கு வெளியே என் அக்காவும், அப்பாவும், எங்கள் தெருவிலிருந்து இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். உள்ளே போக முடியாது. ஆனாலும் தங்களைப் பற்றி ஒருவர் பேசப்போகிறார் என்று கேட்க வந்திருந்தார்கள். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. அவர் என்ன சொல்கிறார் என்று அவ்வப்போது நான் மலாயில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

கோயில் தலைவர் முதலில் பேசினார். தணிந்த குரலில், முன்னோர், மொழி, கோபுரம் என்று பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் கணவர் எழுந்தார். குடியுரிமையைப் பற்றி அவர் பேசியது போல அன்றுவரை யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் பிள்ளைகள் நாளை எந்த வாசலில் போய் நின்று வேலை கேட்பார்கள் என்று கேட்டார். பெண்களைச் சேர்க்க வேண்டும் என்றார். சிலர் முணுமுணுத்தார்கள், அவர் நிறுத்தவில்லை. நான் அக்காவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்தது எங்களைப் பற்றி என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

"மற்ற விஷயங்களை எல்லாரும் கலந்து பேசி முடிவு செய்வோம்," என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அபா பிலாங்?" என்றாள் அக்கா. என்ன சொல்கிறார் என்று கேட்கிறாள். அவள் என் முகத்திலிருந்தே புரிந்துகொண்டாள். "சுடாலா," என்று, போதும் விடு என்பது போல என் தோளைத் தட்டிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். நான் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு எண்ணி முடிக்கும் வரை நின்றேன்.

தோற்றார். பெரிய தோல்வி இல்லை. ஒரு கடைவீதி மனம் மாறியிருந்தால் மாறியிருக்கும் அளவு. கோயில் தலைவர் வந்து தன் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி என் கணவருக்குப் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆசிரியர் கூடத்துத் தூணில் சாய்ந்து நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெயில் இறங்காத நேரத்திலேயே நாங்கள் நடந்து வந்தோம். பாதி வழியில் நான் கேட்டேன்.

"எங்களப் பத்தி ஏன் சொல்லல?"

"சொன்னா தோத்துருவேன்னு நினைச்சேன்."

"சொல்லாமலும் தோத்தாச்சு."

அவர் நின்றுவிட்டார். மாலை இன்னும் கையில் இருந்தது. "ஆமா," என்றார். "சொல்லிட்டே தோத்திருக்கலாம்."

அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார். பல வாரங்களுக்குப் பிறகு அப்படித் தூங்கியது அப்போதுதான். என்னால்தான் முடியவில்லை. ஒரு மனிதன் எதிராளியின் காலுக்காகத் தன் பதவியை விட்டான். அதே மனிதன் என் பெயரைச் சொல்லப் பயந்தான். இரண்டும் எப்படி ஒருவருக்குள் இருக்க முடியும் என்று புரண்டு புரண்டு யோசித்தேன். கோபம் தீர வெகுநாள் ஆயிற்று. அக்கா வீட்டுக்கு அவர் போகவே இல்லை. போனால் அவள் கதவைத் திறந்திருப்பாள், ஆனால் போகவில்லை.

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்னால் கோயில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி அவருக்குச் சிறியதாக இருந்தது. குடியுரிமைக்கு மனுப் போட ஆட்கள் கட்சி வாசலில் வந்து நிற்பதாகவும், தங்களுக்கு அது ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

"செயலாளரா வாங்க. நீங்க பேசினதுல பாதி இப்ப நாங்க செய்யத்தான் வேண்டியிருக்கு."

"பெண்களச் சேர்க்கணும். செட்டிங்களச் சேர்க்கணும்," என்றார் என் கணவர். இந்த முறை என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

கோயில் தலைவர் தாடையைத் தடவினார். "பெண்கள் சரி. என் மருமகளே கேட்டுக்கிட்டிருக்கா. பேச்சு விதிய மட்டும் எடுக்க முடியாது. தமிழ் தெரிஞ்ச செட்டி யாராவது இருந்தா வரட்டும், யாரு வேணாம்னா?"

என் கணவர் ஒப்புக்கொண்டார். பாதி கிடைத்தால் பாதியை வாங்கிக்கொள்கிறவர் அவர். அது அவர் பிறவிக் குணம். நான் எதிர்த்துப் பேசவில்லை. தமிழ் தெரிந்த செட்டி நான் ஒருத்தி இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

பெண்களைச் சேர்த்த முதல் நாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றவளை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். இத்தனை ஆன பிறகு வாசலில் வைத்து ஒருத்தியை இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். கோயில் தலைவர் கட்சி விதிகளை என்னிடம் கொடுத்து, "படிங்கம்மா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். படித்தேன். ஒரு பத்தி முடிந்ததும், "போதும்மா, நல்லா இருக்கு," என்றார். நான் நிறுத்தாமல் பக்கம் முடியும் வரை படித்தேன். பிறகு தாளை அக்காவின் பக்கம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. தெரியாது என்று தமிழில் சொல்லக்கூட அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள்.

நான் அவளோடு எழுந்து வந்திருக்கலாம். யோசித்தேன். நான் எழுந்துவிட்டால் எங்களில் ஒருத்தியும் உள்ளே இருக்க மாட்டாள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வேலிப் பக்கம் நின்று அன்று நான் அவரிடம் எதைக் கண்டு கொதித்தேனோ, அதைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை.

கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த விதியை எடுக்கச் சொல்லி எழுந்து நின்றேன். துணிக்கடை முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து ஒவ்வோர் ஆண்டும் என்னை எதிர்த்துப் பேசுவார். முடிந்ததும் பசியாறிவிட்டுப் போகச் சொல்லித் தன் வீட்டுக்கு அழைப்பார். அவர் இறந்த பிறகுதான் விதி மாறியது. நான் செய்தியைச் சொல்ல அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "இப்போது எதற்கு?" என்று மலாயில் சொன்னாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.